வடகடல் பார்

இரவு ஷிப்ட் முடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய்விடுவேன். எட்டு மணி நேரம் உலைச் சூட்டில் நின்ற உடம்புக்கு அந்த ஏரிக்காற்று மருந்து. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினால் ஒரு பக்கம் ஏரி, தூரத்தில் முகத்துவாரம், அதற்கும் அப்பால் கடல். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கண்ணால் பார்க்காமல் கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள். பல வருடம் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அவர்கள் கையை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தண்ணீரில் அடி தெரியாது.

அரங்கன்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் கேட்டேன். “இந்தக் கடலுக்குள்ள முங்கிப் பாத்தா என்ன தெரியும்ங்க?” அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் கையே உனக்குத் தெரியாது தம்பி. இந்தத் தண்ணி சோறு போடும், மொகம் காட்டாது. மொகம் பாக்கணும்னா தெற்கே போ. ராமேஸ்வரத்துல வடகடல் பக்கம் கரையிலேருந்து எறங்கினாவே பாரு தெரியும்.”

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. முத்துச் சிப்பி விளைந்த இடங்களையும் நம் மக்கள் பார் என்றுதான் சொன்னார்கள். பெரியவர் சொன்னது பவளப்பாறையை.

பழவேற்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டக் கடலில் பவளப்பாறை ஏன் வளரவில்லை என்பதற்கு விடை பாலத்தின் மேலிருந்தே தெரியும். பவளத்துக்கு வெயில் எட்டும் தெளிந்த நீர் வேண்டும், உப்பு அதிகம் குறையக்கூடாது, ஒட்டிக்கொள்ளக் கெட்டியான அடித்தளம் வேண்டும். இங்கே ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் வண்டலையும் நன்னீரையும் ஏரியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாக அது கடலுக்குப் போகிறது. கரையோர நீரோட்டம் வருடம் முழுக்க மணலை வாரிக்கொண்டு நகர்கிறது. அந்த மணல்தான் முகத்துவாரத்தைத் தூர்த்து மீனவர்களைத் தவிக்க விடுகிறது. இப்படி நகரும் மணலில் எதுவும் வேர் பிடிக்காது. இது எங்கள் கடலின் குறை அல்ல. கலங்கல் தண்ணீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. இலங்கைத் தீவின் மறைவில், பெரிய ஆறு எதுவும் வந்து விழாத ராமேஸ்வரக் கரையில் பவளம் பெருகியது. இரண்டும் ஒரே தமிழ்நாட்டுக் கடற்கரைதான்.

பெரியவர் சொல்லி ஒரு வருடம் கழித்து, விடுப்பு நாட்களில் சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். முதுகில் சுமார் 15 கிலோ சிலிண்டர். அதற்குள் 2,000 லிட்டருக்கு மேல் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர், நாம் மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும். இந்த ஏற்பாட்டை 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கினார்கள். பயிற்சியாளர் முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான்: எந்த நிலையிலும் மூச்சைப் பிடிக்கக்கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூன்று மீட்டரிலிருந்து அப்படி வந்தாலும் நுரையீரல் கிழியலாம்.

நம் முத்துக் குளிப்போர் இதற்கு நேர்மாறாக வாழ்ந்தவர்கள். காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் இறங்கி, சிப்பியோடு மேலே வந்தார்கள். கடலுக்கு மேலே எடுத்த மூச்சு அது. ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத்தான் விரியும், அதனால் கிழிக்காது. தூத்துக்குடியில் அந்தத் தொழில் 1961உடன் நின்றது. குளிப்பவனின் உயிர் படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருந்ததால், அந்தக் கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான்.

ராமேஸ்வரக் கரையில் இறங்கப்போகும் என் கயிறு யார் கையில்? கரையிலிருந்து நடந்து இறங்கும் ஸ்கூபாவுக்குப் படகு கிடையாது. நேரத்தைக் கணக்கு வைத்துக் கரையில் நிற்க ஒருவர் வேண்டும். சிப்காட் ஆலைகளில் பெயின்டிங் வேலை செய்யும் என் சிநேகிதன் வருகிறேன் என்றான். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன் அவன். அவனுடைய அம்மா மன்னார்த் தீவில் பேசாலையைச் சேர்ந்தவர். 1990இல் படகில் ராமேஸ்வரக் கரை வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். முப்பது வயது தாண்டியும் அம்மா கடந்த கடலை அவன் பார்த்ததில்லை. புறப்படும்போது அம்மா அவனிடம் சொன்னது ஒன்றுதான்: “கரையில நிண்டு பாத்திட்டு வா. கடலுக்கை இறங்காதை.”

பங்குனி மாதம். வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் காற்று தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. சென்னையில் ஏறிய ராமேஸ்வரம் ரயில் மறுநாள் விடியும் வேளையில் மண்டபத்தைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. பக்கத்திலேயே 1914இன் பழைய பாலம். அவன் ஒரு ஜன்னலுக்கும் எதிர் ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடினான். தெற்கே மன்னார் வளைகுடா, அதை இங்குள்ளவர்கள் தென்கடல் என்றும் ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். வடக்கே பாக் விரிகுடா, வடகடல், பெண்கடல். தெற்கே அலை நுரைத்துக்கொண்டிருந்தது. வடக்கே தண்ணீர் தகடு போல் கிடந்தது. “இந்தப் பக்கந்தானே அம்மா வந்தது?” என்று கேட்டான். ஆம் என்றேன்.

வடகடலின் பவளப்பாறை கரையை ஒட்டியே கிழக்கு மேற்காக நீள்கிறது. மண்டபத்துக்கு மேற்கே முனைக்காட்டிலிருந்து பாம்பன் கால்வாய் வரை ஒரு துண்டு. கால்வாய்க்கு அப்பால் ராமேஸ்வரம் வரை இன்னொரு துண்டு. கரையிலிருந்து சில நூறு மீட்டர்தான். பெரும்பாலும் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால் இந்தப் பார் அறிவியலாளர்களுக்கு நன்கு தெரிந்த பார். அங்கே பணியாற்றிய சி.எஸ்.கோபிநாத பிள்ளை 1960களில் இதன் பவளங்களை இனம் இனமாகப் பதிவு செய்தார்.

நாங்கள் இறங்கிய இடம் ஓலைக்குடா. காலை ஏழு மணிக்கே பாசி எடுக்கும் பெண்கள் கரைக்கு வந்திருந்தார்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, இடுப்பில் சாக்குப் பை. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று கடல்பாசிக்கு அவர்களிடம் தோட்டத்துப் பெயர்கள் இருக்கின்றன. என் சிலிண்டரைச் சுற்றிவந்து பார்த்த ஓர் அக்கா, “எவ்வளவு நேரம் தம்பி உள்ள இருப்ப?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். “நாங்க மூச்சப் பிடிச்சே அஞ்சாறு மணி நேரம் முங்கி முங்கி எந்திரிப்போம். உள்ள போனா கல்லு மேல மட்டும் கால வைக்காத. அது உசுருள்ளது.”

இந்தப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய கூட்டமைப்பை வழிநடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு பெண்ணுக்கு, கடலைக் காத்ததற்காக அமெரிக்காவிலிருந்து வந்த பரிசு.

கரையிலிருந்து இறங்குவது படகிலிருந்து குதிப்பதைவிடக் கடினம். முழுச் சுமையோடு நடக்க வேண்டும். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினால் அது தானாக விலகிவிடும். இடுப்பளவு தண்ணீர் வந்ததும், என்னோடு இறங்கிய பயிற்சியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்களை மாட்டினேன். திரும்பிப் பார்த்தேன். சிநேகிதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான். முதலில் மணல், பிறகு கடல்புல். வரிவரியாகச் சாய்ந்த பச்சை நாடாக்களுக்கு நடுவே ஓரா மீன்கள் மேய்ந்தன. ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல்பசுவுக்கும் இந்தப் புல்தான் உணவு. அதற்காகவே 2022இல் தமிழக அரசு இதே பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல்.

புல் முடிந்த இடத்தில் பார் தொடங்கியது.

ஜாக்கெட்டிலிருந்து காற்றை விட்டு, மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை நீக்கிக்கொண்டு இறங்கினேன். ஆழம் மூன்று மீட்டர் இருக்கும். முதலில் கேட்டது சத்தம். எண்ணெயில் கடுகு பொரிவது போல நாலாபக்கமும் சடசடப்பு. பாறை இடுக்குகளில் இருக்கும் சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. அதற்கு மேல் கறக், கறக் என்று ஏதோ கடிபடும் ஓசை. கிளிஞ்சான் மீன் அலகு போன்ற வாயால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாசியை விழுங்கி, அரைத்த கல்லை வெண்மணலாகப் பின்னால் உதிர்த்துவிட்டு நகர்ந்தது. நான் காலைத் தேய்த்து நடந்துவந்த மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

எதிரே ஒரு குண்டுப் பவளம். கவிழ்த்த பெரிய அண்டா போல, முக்கால் மீட்டர் உயரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனேன். எட்ட இருந்து மஞ்சள் கலந்த பழுப்புக் கல். கிட்டே வந்தால் அதன் மேல் முழுக்கக் குண்டூசித் தலை அளவுக் குழிகள், ஒன்றை ஒன்று தொட்டபடி ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர். ஒவ்வொன்றின் சதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்து வீட்டுக்காரருக்கும் ஊட்டுகிறது. பவளத்தின் உணவில் பெரும்பங்கு அதிலிருந்துதான், அதன் நிறமும் அதுதான். நடுவே நீலமும் ஆரஞ்சுமாகச் சுண்டுவிரல் நுனி அளவு இறகுக் கூம்புகள். கிறிஸ்துமஸ் மரப் புழு என்று பெயர். என் நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே கணத்தில் உள்ளே ஒடுங்கின. அசையாமல் மிதந்தேன். ஒரு நிமிடம் கழித்து ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது, பிறகு மற்றவையும் விரிந்தன.

இந்தக் குண்டுப் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தக் கணக்கில் என் முன்னே இருந்ததற்கு எழுபது வயதுக்கு மேல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இதன் மேல்தான் போயிருக்கும். 1990இல் இரவுப் படகுகள் கரை தேடி வந்தபோதும் இது இங்கே இருந்தது.

ஆனால் அதைச் சுற்றிப் பத்தடிக்கு எல்லாம் செத்த கல். மான்கொம்புப் பவளத்தின் கிளைகள் விறகுச் சுள்ளி போல ஒடிந்து கிடந்தன, மேலே பாசி படர்ந்திருந்தது. ஒரு நைலான் வலைத் துண்டு இரண்டு பவளங்களைச் சேர்த்து இறுக்கியிருந்தது. ஓரிடத்தில் அரிசி மூட்டைப் பை ஒன்று மூளைப் பவளத்தின் மேல் விரித்ததுபோல் படிந்திருந்தது. பயிற்சியாளர் அதை ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்து எடுத்தார். பைக்குக் கீழே இருந்த பகுதி சுண்ணாம்பு வெள்ளை. நாற்பத்தெட்டு நிமிடத்தில் கரையேறினோம். நான் கடலுக்குள்ளிருந்து கொண்டுவந்த ஒரே பொருள் அந்தப் பை.

பவளத்தின் சாவுக்குச் சுண்ணாம்புதான் முதல் காரணமாக இருந்தது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் மன்னார் வளைகுடாவில் ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டதாக அக்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் கட்டடத்துக்கும் அது போனது. பார் போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கத்தில் விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. 1986இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, முப்பது ஆண்டுக்குள் இரண்டு ஹெக்டேருக்குச் சுருங்கியது. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமான இடத்தில் சேர்க்கப்பட்டன. சட்டமும் 2004 சுனாமி தந்த பாடமும் சேர்ந்து வெட்டுவதை நிறுத்தின. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டு, அரிப்பு தணிந்திருக்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஒடிந்த பவளக் கிளைகளை எடுத்துக் கட்டி, மறுபடி நட்டு வளர்க்கிறார்கள். நாற்று நடுவதற்குச் சமமான வேலை, தண்ணீருக்கு அடியில்.

இப்போதைய எதிரி சூடு. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் பவளம் தன் உடம்பிலுள்ள பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். வடகடல் 2010இலும் 2016இலும் அப்படி வெளுத்தது. 2016இல் மன்னார் வளைகுடாவிலும் கணிசமான பவளம் செத்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு தொடங்கிவிட்டதை 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். அடுத்தடுத்துச் சூடு வரும்போது, வலையும் குப்பையும் கழிவுநீரும் இல்லாத பார் தேறி எழ வாய்ப்பு உண்டு. ஏற்கனவே நலிந்த பார் எழாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு 1986 முதல் தேசியப் பூங்கா என்ற காவல் இருக்கிறது. அந்தப் பூங்காவின் எல்லைக்குள் வடகடல் பார் வரவில்லை.

மாலையில் தனுஷ்கோடி போனோம். புயலில் மிஞ்சிய தேவாலயத்தின் சுவர் பவளக்கல்லால் எழுப்பியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்தேன். காலையில் தண்ணீருக்குள் பார்த்த அதே குழிகள், வரிசை மாறாமல், காய்ந்து வெளுத்து. எங்கள் பழவேற்காட்டிலும் ஏரியடியிலிருந்த பழைய சிப்பிப் படிவுகளை வாரிச் சுண்ணாம்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடலுயிர்கள் கட்டிய வீட்டை உடைத்து நாம் வீடு கட்டிய கதை வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுதான்.

அரிச்சல்முனையில் சிநேகிதன் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றான். அம்மாவின் சொல்லை அவ்வளவுதான் மீறினான். வீடியோ கால் போட்டு, போனைக் கடல் பக்கம் திருப்பினான். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டார்: “தண்ணி தெளிவோ?”

“தெளிவம்மா. கால் தெரியுது.”

நாங்கள் ஊர் திரும்பி வாரங்களாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படகில் போய்ப் பார்த்திருந்தால் பவளப்பாறை எங்கோ நடுக்கடலில் இருக்கும் அதிசயம் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். நடந்து போனதால் தெரிந்தது: வீட்டு வாசல், தெரு, சாக்கடை, மணல், புல், பார் எல்லாம் ஒரே சரிவில் இருக்கின்றன. கரையில் நாம் விட்டது எதுவும் கரையிலேயே நிற்பதில்லை. கும்மிடிப்பூண்டியின் ஓடைகளும் கடைசியில் பழவேற்காட்டு ஏரிக்குத்தான் போய்ச் சேருகின்றன. அங்கே பவளம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவித்தான் பல குடும்பங்கள் இன்றும் சோறு தின்கின்றன.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். தீர்த்தமாடிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி வடகடல் கரைக்குப் போங்கள். நீந்தத் தெரிந்தால் முறையான பயிற்சியாளரோடு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். கல் மேல் கால் வைக்காதீர்கள். பவளத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் தெருவின் தண்ணீரும் நீங்கள் வேலை பார்க்கும் ஆலையின் தண்ணீரும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று ஒருமுறை கேளுங்கள். நான் என் ஆலையில் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.